முற்றத்துப் படுதா

மாலை ஐந்து மணிக்கு மூன்றாம் மாடியில் ஃபெர்மினின் ஜன்னல் திரை ஏறவில்லை.

அந்த மரச்சட்டத் திரை ஏறினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். மற்றவர்கள் மெல்ல மெல்லச் சுருட்டி ஏற்றுவார்கள் என்றால், அவன் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. தடதடவென்று அது உருண்டு மேலே போகிற சத்தம் முற்றத்தின் நான்கு சுவரிலும் மோதிக் கீழே வரும். முதல் மாடியில் அன்செல்மோவின் மதியத் தூக்கம் தினமும் அதில்தான் கலையும். அவர் மனைவி ரேயெஸ் தினமும் உத்தரத்தைப் பார்த்து அவனை நாலு வார்த்தை திட்டுவாள். அதனால் அன்றைக்குச் சத்தம் வராதபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பையனுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது, மெதுவாக ஏற்றக் கற்றுக்கொண்டான் என்று நினைத்தாள். தூங்குகிற கணவரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி, உள்ளே போர்வை. அதில் அவளுக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது. அந்த நிம்மதியையும் அந்தப் பெருமையையும் அவளால் பிற்பாடு ஜீரணிக்கவே முடியவில்லை.

எங்கள் செவில் நகரத்தில் வெயிலைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் பேசுவதில்லை, ஒளிந்துகொள்வோம். காலையில் தரையைக் கழுவி, ஜன்னல்களைச் சாத்தி, திரைகளை இறக்கி, முற்றத்துக்கு மேலே படுதாவை இழுத்துக் கட்டிவிட்டால் அதன்பிறகு சூரியன் தெருவில் தனியாக அலைய வேண்டியதுதான். மாலை இருட்டத் தொடங்கியதும் படுதாவைத் திறந்துவிடுவோம். பகலெல்லாம் தேங்கிய சூடு ஆகாயத்துக்குப் போய்விடும். ரேயெஸ் இருக்கும் கட்டடத்தில் இந்தப் படுதா நான்கு தளங்களுக்கும் சேர்த்து ஒன்று. மொட்டை மாடியில் அதன் கயிறு. கட்டடக் கமிட்டிக்கு யார் தலைவரோ அவர் பொறுப்பு அந்தக் கயிறு. தலைவர் பதவி வருஷத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும், இந்த வருஷம் ரேயெஸ்.

போன கோடையில் அன்செல்மோ கிட்டத்தட்டப் போய்விட்டார். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே உதடு நீலம் பாரித்துச் சரிந்தார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இன்னொரு கோடையை இப்படிக் கழித்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே ரேயெஸ் தீர்மானித்துவிட்டாள். தலைவர் பதவி கைக்கு வந்ததும் அவள் கூட்டிய முதல் கூட்டமே கட்டடம் முழுக்க ஏசி போடுவதைப் பற்றித்தான்.

எல்லோரும் சம்மதித்தார்கள். சூட்டை வெளியே தள்ளும் வெளிப்பெட்டிகளை எங்கே மாட்டுவது என்பதில்தான் சிக்கல். தெருப்பக்கச் சுவரில் மாட்டலாம் என்றார் கீழ்த்தளத்து செலெஸ்தினோ, ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டாம் மாடி மரிலோ துள்ளி எழுந்துவிட்டாள். புனித வாரத்தில் மாதாவின் தேர் அவர்கள் பால்கனிக்கு நேர் கீழே வந்து நிற்கும். வருஷம் தவறாமல் பால்கனியில் சிவப்புப் பட்டு தொங்கவிட்டு மாதாவை வரவேற்கிற குடும்பம் அது. பட்டுக்குப் பதில் ஊதிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டியையா மாதாவுக்குக் காட்டுவது என்று அவள் கேட்டாள். தெருப்பக்கம் அத்தோடு கைவிடப்பட்டது. மொட்டை மாடியில் வைத்தால் தளத்தைத் துளைக்க வேண்டும், மழைக்காலத்தில் ஒழுகும். மிச்சம் இருந்தது முற்றம். முற்றத்துச் சுவரை மாதாவும் பார்க்கப்போவதில்லை, மழையும் கேட்கப்போவதில்லை.

கூட்டத்தில் எதிர்த்தவன் ஃபெர்மின் ஒருவன்தான். நாற்பது வயது, ஒண்டிக்கட்டை, இரவெல்லாம் ரொட்டிக் கடை அடுப்படியில் வேலை. காலையில் வந்து படுத்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுவான். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அதன் ஒரே ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. அவன் வாடகைக்கு இருப்பவன், அதனால் ஓட்டு கிடையாது. அறைக்குச் சொந்தக்காரர் மாட்ரிட்டில் இருந்தார். ஏசி கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வருஷா வருஷம் சொல்கிறவர்.

ஃபெர்மின் கூட்டத்துக்கு ஒரு கிண்ணத்தில் பிசைந்த மாவு கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாவு உப்பி, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து மேஜை விரிப்பில் இறங்கியது.

"என் ஜன்னல் படியில கொஞ்ச நேரம் வெச்சிருந்து எடுத்துட்டு வந்தேன். இன்னும் மே மாசமே முடியல. கடையில இது பொங்க இதைப்போல நாலு பங்கு நேரம் ஆகும். நீங்க பெட்டிய மாட்டினப்புறம் எனக்கு அடுப்பே வேண்டாம், ரூம்லயே சுட்டுக்கலாம்" என்றான்.

"நல்லதுதானே. படி இறங்காமலே எங்களுக்குச் சூடா ரொட்டி கெடைக்கும்" என்றாள் மரிலோ.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மினும் சிரித்தான். அதுதான் அவனிடம் இருந்த கோளாறு, தன்னைப் பற்றிய கிண்டலுக்கும் சேர்ந்து சிரித்துவிடுவான். ரேயெஸ் கை தூக்கச் சொன்னாள், கைகள் தூக்கப்பட்டன, விஷயம் முடிந்தது. விரிப்பைத் துவைக்க அவளுக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது.

ஏழு பெட்டிகள் முற்றத்துச் சுவரில் ஏறின. ஜூன் நடுவில் வெயில் உக்கிரமானதும் ஏழும் ஒன்றாக ஓடத் தொடங்கின. அன்செல்மோ பல மாதங்களுக்குப் பிறகு கால் நீட்டித் தூங்கினார். ரேயெஸ் அவர் உதட்டின் நிறத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பாள். உதடு சிவப்பாக இருந்தது. அதைவிட அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஃபெர்மின் தினமும் காலையில் வேலை முடிந்து வரும்போது ரேயெஸின் கதவுக் கைப்பிடியில் ஒரு காகிதப் பை மாட்டிவிட்டுப் போவான். அன்செல்மோவுக்கென்று உப்பில்லாமல் தனியாகச் சுட்ட ரொட்டி. யாரும் கேட்டு அவன் செய்யவில்லை. ஒருநாள் பை மாட்டுகிற நேரத்தில் ரேயெஸ் கதவைத் திறந்துவிட்டாள். அவன் கண்கள் இடுங்கிப்போயிருந்தன.

"பிரசிடெண்டம்மா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது" என்றான். "பகல்ல படுதாவத் தொறந்து விடுங்க."

"பகல்லயா? வெயில் உள்ள வருமேப்பா."

"வரட்டும். வெயில் வந்தா நான் திரைய இறக்கிக்கிறேன். இப்ப வர்றது வெயில் இல்ல, உங்க எல்லார் வீட்டுச் சூடும். மேல மூடி போட்டு வெச்சிருக்கீங்க, அது வேற எங்க போகும்?"

ரேயெஸ் சிரிக்கத்தான் செய்தாள். பகலில் படுதாவைத் திறப்பது என்பதை அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. அவள் அம்மா திறந்ததில்லை, இந்தத் தெருவில் யாரும் திறந்ததில்லை. தூக்கம் கெட்டுப் பையன் உளறுகிறான் என்று முடிவுகட்டி, போய்த் தண்ணீர் நிறையக் குடி, தலைக்கு ஈரத்துணி போட்டுக்கொள் என்று அனுப்பிவைத்தாள். படியேறப் போனவன் திரும்பி நின்றான்.

"உங்க பெட்டி மட்டும் டிக் டிக்குனு சொடுக்குது, தெரியுமா? கண்ணை மூடினா மொதல்ல அதுதான் கேக்கும். சரி, அன்செல்மோ தூங்குறாருன்னு தெரிஞ்சுக்குவேன்."

மெக்கானிக்கை வரச் சொல்கிறேன் என்றாள் ரேயெஸ். சொல்ல மறந்துபோனாள்.

ஜூலை முதல் வாரத்தில் ஃபெர்மின் தானே மாடிக்குப் போய்ப் பகலில் படுதாவைத் திறந்துவிட்டான். உச்சி வெயில் முற்றத்தில் இறங்கி, மரிலோ வருஷக்கணக்காக வளர்த்த பெரணிச் செடிகளைப் பொசுக்கிவிட்டது. மரிலோ அழுதாள். செலெஸ்தினோ கத்தினார். தலைவர் என்ற முறையில் ரேயெஸ் மறுநாள் காலையில் மூன்றாம் மாடிக்குப் போய், துணி காயப்போட அவனிடம் இருந்த மொட்டை மாடிச் சாவியைத் திருப்பித் தரச் சொன்னாள். வாசலிலேயே நின்று கையை நீட்டினாள், அவனுடைய அறைக்குள் அவள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் அவன் படும் பாடு தெரிந்திருக்கும். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நல்லதாகப் போயிற்று, ஏறுவதற்குப் படி குறைந்தது என்றான் அவன். அதற்கு மறுநாளும் கைப்பிடியில் ரொட்டி தொங்கியது.

அன்செல்மோவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ரேயெஸ் கடைக்குப் போகிற நேரம் பார்த்து ஏசியை நிறுத்திவிடுவார். அவள் வந்து போடுவாள், அவர் நிறுத்துவார். திரை ஏறாத அன்றைக்கு மதியம், கஸ்பாச்சோ என்கிற குளிர்ந்த தக்காளி சூப்பைக் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள் திரும்பி வந்தபோது அறை புழுங்கிக்கொண்டிருந்தது. வானொலியில் காலையிலிருந்து சிவப்பு எச்சரிக்கை.

"மனுஷா, சாகணும்னு ஆசையா உங்களுக்கு?" என்றாள்.

"கொஞ்ச நேரம் நிறுத்தினா செத்துட மாட்டேன். மேல ஒருத்தன் தூங்குறான் ரேயெஸ்."

"அவன் குதிரை மாதிரி இருக்கான். ராத்திரி பூரா அடுப்பு முன்னால நிக்கிறவனுக்கு இது ஒரு சூடா? பாதி இதயம் உங்களுக்குத்தான், அவனுக்கு இல்ல."

ஏசியைப் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு டிகிரி குறைத்து வைத்து, ரிமோட்டைத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று காலையில் படுதாவை இழுக்கும்போதும் அவள் ஒரு நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தாள். இவ்வளவு வெயிலில் மேலே பையனின் ஜன்னலில் ஒரு துளி வெளிச்சம்கூட விழக்கூடாது என்று கயிற்றை இன்னும் இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அன்செல்மோ தானாகவே விழித்தார். ஜன்னல் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ரொட்டிக்காரன் இன்னும் எழவில்லையா என்றார். ரேயெஸ் காபியில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருப்பான், மெதுவாகத் திரையை ஏற்றியிருப்பான் என்றாள். போய்ப் பார் என்றார் அவர். அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

சூடு முகத்தில் அறைந்தது. காலையில் படுதாவை இழுத்துக் கட்டிவிட்டு வந்தபிறகு அவள் அன்றைக்குக் கதவைத் தாண்டவே இல்லை. கோடை முழுக்க அப்படித்தான். காலையில் ஒரு தடவை வெளியே போவாள், பிறகு சாத்திய கதவுக்குப் பின்னால் இருட்டும்வரை இருந்துவிடுவாள். நடுப்பகலில் முற்றம் எப்படி இருக்கும் என்று இந்த வருஷம் அவளுக்குத் தெரியாது. படுதாவுக்குக் கீழே பழுப்பான வெளிச்சத்தில் ஏழு பெட்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. கீழே தண்ணீர்த் தொட்டியில் செலெஸ்தினோவின் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. இது முதல் மாடி. மூன்றாம் மாடியில் எப்படி இருக்கும்?

படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் காற்று கனத்தது. இரண்டாம் மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏசி ஓடும் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். மரிலோ குடும்பம் கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது, இன்று சாயங்காலம்தான் திரும்புகிறார்கள். வந்து நுழையும்போது வீடு ஜில்லென்று இருக்க வேண்டுமென்று கடற்கரையிலிருந்தே போன் வழியாக ஏசியைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டில் நாற்காலிகளுக்கும் மேஜைக்கும் குளிரூட்டி, அந்தச் சூட்டை மூன்று பெட்டிகள் மேலே துப்பிக்கொண்டிருந்தன.

ஃபெர்மினின் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தலைவரிடம் எல்லா வீட்டுச் சாவியும் உண்டு. ஏப்ரன் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நுழைத்தாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. ஏதோ தடுத்தது. தோளால் முட்டித் தள்ளினாள், கொஞ்சம் நகர்ந்தது, இன்னும் தள்ளினாள். இடுக்கு வழியாகத் தலையை விட்டுப் பார்த்தபோதுதான் தான் தள்ளிக்கொண்டிருந்தது ஃபெர்மினை என்று அவளுக்குத் தெரிந்தது.

அவன் வெறும் தரையில் கிடந்தான். முகம் கதவின் அடி இடுக்கை ஒட்டி இருந்தது. படிக்கட்டிலிருந்து அந்த இடுக்கு வழியாக வரும் காற்றை மூக்கை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான். அறைக்குள் இருந்தது காற்றே இல்லை. ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தான். எல்லாம் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தன. கட்டிலிலிருந்து மெத்தையைத் தரைக்கு இழுத்து, அங்கேயும் முடியாமல் அதைவிட்டுக் கதவுக்கு வந்திருக்கிறான். அவன் தோளைத் தொட்டாள். தோல் காய்ந்து கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அவன் உதடு அசைந்தது. குனிந்து கேட்டாள்.

"கருகுது" என்றான். "தட்டை எடுத்துடுங்க... கருகுது."

அவன் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ரேயெஸ் குழாயைத் திறந்தாள். மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாதபடி சுட்டது. கீழே ஓடினாள். செலெஸ்தினோவின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே ஓடினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தன் குளிர்பெட்டியில் இருந்த ஐஸ், உறைந்த பட்டாணி, மீன் எல்லாவற்றையும் ஏப்ரனில் அள்ளிக்கொண்டு மறுபடி ஏறினாள். அவன் அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் திணித்தாள். வைத்த ஐஸ் கண்முன்னே தண்ணீராகி ஓடியது. அப்போது ஜன்னல் துண்டுகளுக்குப் பின்னாலிருந்து அது கேட்டது. ஏழு இரைச்சல்களுக்கு நடுவே தனியாக, தெளிவாக, டிக் டிக் டிக்.

அவள் தன் ஏப்ரன் பையில் கைவிட்டு ரிமோட்டைத் தேடினாள். எடுத்து ஜன்னலை நோக்கி நீட்டி அழுத்தினாள். இங்கிருந்து அது வேலை செய்யாது என்பதுகூட அப்போது புத்தியில் ஏறவில்லை. பிறகு எழுந்து, ஃபெர்மினின் ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். அவனிடமிருந்து பிடுங்கிய சாவியால் கதவைத் திறந்தாள். காலையில் போட்ட இரட்டை முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. கயிற்றை அறுத்தாள்.

படுதா ஒரு பக்கமாகச் சரிந்து, பெட்டிகளில் மாட்டிக் கிழிந்து, முற்றத்துக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து கிளம்பிய சூடு, கொதிக்கிற பானையின் மூடியைத் தூக்கியதுபோல அவள் முகத்தைத் தாண்டி மேலே போனது. பகல் முழுக்க வெயிலில் கிடந்த மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தாள் அவள். அந்த மொட்டை மாடி, கீழேயிருந்து வந்த சூட்டுக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு வார்த்தைகூட அவன் கூட்டிச் சொல்லவில்லை. ரேயெஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, காறித் துப்ப வேண்டும்போல இருந்தது, தன் மேலேயே.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அவன் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். அவன் காதில் சூடு பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"ரொட்டிக் கடையில விழுந்தாரா? அங்கேருந்து இங்க யாரு தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டாள்.

"கடையில இல்ல. இங்கதான். தூங்கிட்டிருந்தார்" என்றாள் ரேயெஸ்.

அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தாள். துண்டுகளை, மெத்தையை, கதவிடுக்கை. பிறகு ரேயெஸைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அவனைக் கொண்டுபோன சற்று நேரத்தில் மரிலோ குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது. மரிலோ தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். "அப்பாடா, உயிர் வந்துச்சு" என்று உள்ளே அவள் சொன்னது படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ரேயெஸுக்குக் கேட்டது. திரும்ப வெளியே வந்து முற்றத்தில் கிழிந்து கிடந்த படுதாவைக் கண்டதும் அவள் முகம் மாறியது. இதை யார் செய்தது என்று கேட்க வாயெடுத்தாள். அந்த நேரம் ரேயெஸின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. ஃபெர்மினுக்கு உறவென்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். கேட்ட விதத்திலேயே அவன் போய்விட்டான் என்று தெரிந்துவிட்டது.

ரேயெஸ் சொன்னதும் மரிலோ சுவரில் சாய்ந்துவிட்டாள். பொய்யில்லை, அவளும் நல்லவள்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"எப்படி ரேயெஸ்? நாமதான் படுதா போட்டிருந்தோமே" என்றாள்.

ரேயெஸ் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். நேற்றுவரை தானும் அதையேதான் கேட்டிருப்பாள் என்று தோன்றியது.

அன்செல்மோவிடம் அவள் சொல்லவில்லை. அவருடைய பாதி இதயத்தில் இதை எங்கே வைப்பது? பையன் மயங்கிவிட்டான், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், சரியாகிவிடும் என்றாள். அந்த ராத்திரி அவள் ஏசியைப் போடவில்லை, அவரும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் கிடந்தார்கள்.

மறுநாள் கதவுக் கைப்பிடியில் ஒன்றும் தொங்கவில்லை. முந்தின நாள் ரொட்டியில் மீதியை அவள் வாட்டி எண்ணெய் தடவிக் கொடுத்தாள். அவர் மென்றுகொண்டே, ஆஸ்பத்திரி ரொட்டியை அவன் வாயில் வைக்க மாட்டானே, என்ன செய்வான் பாவம் என்றார். அவள் தண்ணீர் எடுக்கப் போவதுபோலச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

உச்சிவேளை நெருங்கியது. படுதா இல்லாத முற்றத்தில் வெயில் நேராக இறங்கி, காலியான மீன் தொட்டியில் கண் கூசும்படி அடித்தது. சாத்திய திரைக்குப் பின்னால் அறை கொதிக்கத் தொடங்கியது. அன்செல்மோ மூச்சை எண்ணி எண்ணி இழுத்தார். ரேயெஸ் அவர் உதட்டைப் பார்த்தாள். ஓரத்தில் நீலம். பைக்குள் ரிமோட்டைப் பிடித்திருந்த கை வெளியே வர மறுத்தது. ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தாள், விசிறினாள், மறுபடி துடைத்தாள்.

அவர் அவள் ஏப்ரன் பையைப் பார்த்தார்.

"போடு ரேயெஸ்" என்றார், மூச்சுக்கு நடுவே. "இன்னைக்குத் தாராளமா ஓடட்டும். அவன்தான் மேல இல்லையே, யாருக்கும் தொந்தரவு இல்ல. அவன் திரும்பி வந்ததும் நிறுத்திக்கலாம்."

அவள் ரிமோட்டை எடுத்தாள். கட்டைவிரல் பொத்தானைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆனது. அழுத்தினாள். தலைக்கு மேலே குளிர்ந்த காற்று கிளம்பியது. முற்றத்துச் சுவரில் பெட்டி ஒருமுறை குலுங்கி, சொடுக்கத் தொடங்கியது.